மருத்துவமனை டியூட்டி லிஸ்ட் அலுவலகம்: மாதப் பட்டியல் முதல் வாரத்திலேயே குலைவதை எப்படித் தடுப்பது?

வைகைக்கரையான்:

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் இருநூறுக்கு மேல் படுக்கைகள் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில், நர்சிங் சூப்பரின்டெண்டன்ட் அலுவலகத்தின் கீழ் இயங்கும் பணி ஒதுக்கீட்டுப் பிரிவில் அண்மையில் சேர்ந்திருக்கிறேன். வணிகவியல் படித்துவிட்டு மருத்துவமனை நிர்வாகத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றவன். செவிலியர் படிப்போ வார்டு அனுபவமோ எனக்குக் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் நடைமுறை இதுதான்: ஒவ்வொரு மாதமும் 25ஆம் தேதிக்குள் அடுத்த மாத டியூட்டி லிஸ்ட் தயாராகி, அறிவிப்புப் பலகையிலும் வார்டு வாட்ஸ்அப் குழுக்களிலும் வெளியாகிவிடும். ஆனால் அடுத்த மாதம் 5ஆம் தேதி வருவதற்குள் அந்தப் பட்டியலில் பேனாவால் அடித்துத் திருத்தாத வரிகளைத் தேட வேண்டியிருக்கிறது. காலை டியூட்டி ஏழரைக்குத் தொடங்குகிறது என்றால், ஆறு மணியிலிருந்தே நைட் சூப்பர்வைசருக்குத் தொலைபேசி வரத் தொடங்கிவிடும். ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்குக் குழந்தைக்கு உடம்பு சரியில்லை, இன்னொருவர் ஊரிலிருந்து பேருந்து ஏறவே இல்லை. வைகாசி மாதத்து முகூர்த்த நாள் ஒன்றுக்கு ஒரே வார்டிலிருந்து நான்கு விடுப்புக் கடிதங்கள் வந்தன, நான்கும் நெருங்கிய உறவினர் திருமணம்.

நிர்வாகத்திடம் ஆள் கேட்டால், ஆறு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்ற விகிதப்படி நம்மிடம் போதுமான பேர் இருக்கிறார்கள், வருகையை ஒழுங்குபடுத்துங்கள் என்கிறார்கள். வார்டு இன்சார்ஜ் சிஸ்டர்களிடம் பேசினால், ஆளே இல்லை என்கிறார்கள். இரு தரப்பும் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. பக்கத்து வார்டில் நோயாளிகள் குறைவாக இருக்கும் நாளில் அங்கிருந்து ஒருவரை அனுப்பச் சொன்னால், "என் பிள்ளைகளை அனுப்ப மாட்டேன்" என்று பதில் வருகிறது. ஆள் கணக்கைச் சரியாகப் போடும் முறை என்ன, காலையில் ஒருவர் வராவிட்டால் முதலில் யாரை அழைப்பது நியாயம், வார்டு மாற்றி அனுப்புவதற்கு ஏதேனும் விதி உண்டா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற மேட்ரன்:

தம்பி, இரு தரப்பும் பொய் சொல்லவில்லை என்று நீங்கள் கண்டுகொண்டதே பாதி வேலை. அவர்கள் ஒரே எண்ணைப் பற்றிப் பேசவில்லை என்பதுதான் சிக்கல்.

முப்பது படுக்கை உள்ள ஒரு பொது வார்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறுக்கு ஒருவர் என்றால் ஒரு ஷிஃப்டுக்கு ஐந்து பேர், மூன்று ஷிஃப்டுக்குப் பதினைந்து பேர். நிர்வாகம் இங்கே கணக்கை முடித்துக்கொள்கிறது. ஆனால் வார்டு வருடத்தில் 365 நாளும் திறந்திருக்கும், செவிலியர் அப்படி இருக்க முடியாது. வார விடுமுறை 52 நாள், தேசிய மற்றும் பண்டிகை விடுமுறை ஒன்பது நாள், தற்செயல் விடுப்பு பன்னிரண்டு, நோய்க்கால விடுப்பு பன்னிரண்டு என்று வைத்தால், மீதம் இருப்பது 280 நாள். (உங்கள் மருத்துவமனையின் விடுப்பு விதிக்கு ஏற்ப இந்த எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள், ஈட்டிய விடுப்பை நான் சேர்க்கவே இல்லை.) 365ஐ 280ஆல் வகுத்தால் 1.3 வருகிறது. அதாவது பதினைந்து இடங்களை ஆண்டு முழுவதும் நிரப்ப இருபது பேர் வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சில் தன் விதிமுறையில் விடுப்புக்கென்று 30 சதவீதம் கூடுதலாகக் கேட்பது இந்தக் காரணத்தால்தான். மத்திய அரசு மருத்துவமனைகளுக்கென ஸ்டாஃப் இன்ஸ்பெக்ஷன் யூனிட் வகுத்த விதிமுறையில் இது 45 சதவீதம், ஏனென்றால் அங்கே மாதத்துக்கு எட்டு நாள் ஓய்வு கணக்கில் வருகிறது. உங்கள் வார்டில் பதினைந்து பேரோ பதினாறு பேரோ இருந்தால், காலை ஆறு மணிக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் யாருடைய ஒழுங்கின்மையாலும் வருபவை அல்ல. அவை பட்டியல் போட்ட அன்றே அதற்குள் இருந்தவை.

பிரசவ விடுப்பு இந்த 30 சதவீதத்துக்குள் அடங்காது. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு. தனியார் மருத்துவமனை செவிலியர்களில் பெரும்பாலோர் இருபத்திரண்டிலிருந்து முப்பது வயதுக்குள் இருப்பவர்கள். இது திடீரென்று வரும் விடுப்பு அல்லவே, ஐந்து மாதம் முன்பே தெரியும். அப்படியிருந்தும் எத்தனையோ அலுவலகங்களில், அந்தப் பெண் விடுப்பில் போன மறுநாள்தான் மாற்று ஆள் கேட்டுக் கோப்பு எழுதத் தொடங்குவார்கள். இதற்கென்று தனியாக ஒரு பதிவேடு வைத்து, எந்த மாதத்தில் எத்தனை பேர் இருக்க மாட்டார்கள் என்பதைத் தெரிந்தவுடனேயே நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுங்கள்.

அடுத்தது நோயாளி எண்ணிக்கை. நீங்கள் நள்ளிரவு சென்சஸை வைத்து ஆள் ஒதுக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன், பல இடங்களிலும் அதுதான் வழக்கம். நள்ளிரவில் படுக்கையில் இருப்பவர்களை மட்டும்தான் அது சொல்லும். பகலில் எட்டுப் பேர் டிஸ்சார்ஜ் ஆகி எட்டுப் பேர் புதிதாக வந்தால், நேற்றும் இருபத்தாறு, இன்றும் இருபத்தாறு என்றே தாளில் இருக்கும். அந்தப் பதினாறு பேருக்கான கோப்பு, மருந்துக் கணக்கு, புதிய ஊசி, உறவினருக்கு விளக்கம் எதுவும் அதில் தெரியாது. இந்த நெரிசல் விழுவது மாலை ஷிஃப்டில். காலை ரவுண்டில் டாக்டர் டிஸ்சார்ஜ் எழுதினாலும், காப்பீட்டு ஒப்புதல் வந்து பில் முடிய மாலை நான்கு ஆகிவிடும். செவ்வாய்க்கிழமையாக இருந்தால் மூன்றிலிருந்து நாலரை வரை ராகு காலம் என்பதால், பணம் கட்டி முடித்த குடும்பமும் படுக்கையை விட்டு எழாது. அதே நேரத்தில் மறுநாள் அறுவை சிகிச்சைக்கான நோயாளிகள் வந்து காத்திருப்பார்கள். ஆனால் நான் பார்த்த பட்டியல்களில் எல்லாம் காலைக்கு ஆள் அதிகம், மாலைக்குக் குறைவு. டாக்டர்கள் காலையில் வருவதால் அப்போதுதான் வேலை இருப்பதாக ஒரு நம்பிக்கை. ஒரு மாதத்துக்கு ஒவ்வொரு ஷிஃப்டிலும் உள்ளே வந்தவர், வெளியே போனவர் எண்ணிக்கையைத் தனித்தனியாகக் குறித்துப் பாருங்கள், உங்கள் ஆட்கள் எங்கே நிற்க வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

ஐ.சி.யூ.வைப் பொது வார்டுக் கணக்கில் கலக்காதீர்கள். வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்கு ஒருவர், மற்ற தீவிர சிகிச்சை நோயாளிகளில் இருவருக்கு ஒருவர் என்பது மருத்துவமனைத் தரத்துக்கான என்.ஏ.பி.எச். அங்கீகாரம் எதிர்பார்க்கும் அளவு. அங்கிருந்து ஆளை எடுத்து வார்டுக்கு அனுப்பும் நாளில், இரவு பத்து மணிக்கு ஒரு விபத்து கேஸ் வந்து சேரும்.

இரவுப்பணி:

நான் பட்டியல் போடுபவள் அல்ல, பட்டியலில் பெயர் இருப்பவள். கோயம்புத்தூரில் சர்ஜிக்கல் வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். மேட்ரன் அம்மா கூறிய கணக்கோடு, நாங்கள் ஏன் கடைசி நேரத்தில் வர முடியாது என்று சொல்கிறோம் என்பதையும் நீங்கள் பார்க்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் மருத்துவமனையில் காலை டியூட்டி ஏழரையிலிருந்து இரண்டு வரை, மாலை ஒன்றரையிலிருந்து எட்டு வரை, இரவு ஏழரையிலிருந்து மறுநாள் காலை எட்டு வரை. உங்கள் இடத்திலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்று எண்ணுகிறேன். ஆறு நைட் தொடர்ந்து போட்டால் 75 மணி நேரம். ஏழாம் நாள் காலை எட்டு மணிக்கு ஹேண்ட் ஓவர் கொடுத்துவிட்டு வெளியே வந்து, அன்று பகல் முழுவதும் தூங்கி எழுகிறோம். அந்த நாளைத்தான் பட்டியலில் வீக் ஆஃப் என்று எழுதுகிறார்கள்! மறுநாள் மாலை மீண்டும் டியூட்டி. எட்டு மணி வரை வேலை செய்த நாளை விடுமுறை என்று பெயரிட்டால், அதற்கு அடுத்த நாள் தலைவலி என்று தொலைபேசி வருவதில் வியப்பென்ன? நைட் ஆஃப் வேறு, வீக் ஆஃப் வேறு என்று உங்கள் பட்டியலில் இரண்டு தனிக் குறியீடுகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

இரண்டாவது, மாலை முடித்தவரை மறுநாள் காலைக்குப் போடுவது. எட்டிலிருந்து ஏழரை வரை தாளில் பதினொன்றரை மணி நேர இடைவெளி இருக்கிறது. செவிலியர்களுக்காகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1977இல் வெளியிட்ட பரிந்துரை, இரண்டு பணிகளுக்கு இடையே குறைந்தது பன்னிரண்டு மணி நேரத் தொடர் ஓய்வைக் கேட்கிறது. அதற்கே குறைவான இந்த இடைவெளியில், ஹேண்ட் ஓவர் முடித்து, பேருந்து பிடித்து, வீடு சேர்ந்து, மறுநாளுக்குச் சமைத்து வைத்துவிட்டுப் படுப்பவர் எத்தனை மணி நேரம் தூங்குவார் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். காலையிலிருந்து மாலைக்கு, மாலையிலிருந்து இரவுக்கு என்று முன்னோக்கி நகரும் சுழற்சியை உடம்பு ஓரளவு ஏற்றுக்கொள்ளும். பின்னோக்கித் தள்ளினால்தான் தாங்குவதில்லை.

காலையில் யாரை அழைப்பது என்று கேட்டிருந்தீர்கள். நடைமுறையில் எல்லா மருத்துவமனையிலும் முதலில் அழைக்கப்படுபவர்கள் ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளைகள்தான். வளாகத்துக்குள்ளேயே இருப்பதால் வார்டன் போய்க் கதவைத் தட்டினால் போதும். கன்னியாகுமரியிலிருந்தும் இடுக்கியிலிருந்தும் வந்து தங்கியிருக்கும் இருபத்திரண்டு வயதுப் பெண்கள் மறுத்துப் பேசவும் மாட்டார்கள். ஆறே மாதத்தில் அவர்களில் பாதிப் பேர் ஏன் விலகுகிறார்கள் என்று பிறகு ஆய்வுக் கூட்டம் போடுவார்கள். அழைப்பதானால் சுழற்சி முறையில் அழையுங்கள். சென்ற முறை ஆஃபை விட்டுக்கொடுத்து வந்தவருடைய பெயர் பட்டியலின் கடைசிக்குப் போக வேண்டும், அவருக்குரிய காம்ப் ஆஃப், அதாவது அதற்கு ஈடான விடுமுறை, அதே மாதத்துக்குள் கிடைக்க வேண்டும்.

வார்டு மாற்றி அனுப்புவதைப் பற்றி: இன்சார்ஜ் சிஸ்டர் மறுப்பது பிடிவாதம் என்று மட்டும் எண்ண வேண்டாம். தெரியாத வார்டுக்குப் போய் நின்றால் எமர்ஜென்சி டிராலி எங்கே இருக்கிறது, எந்த டாக்டர் எந்த மருந்தை எப்படி எழுதுவார் என்பதுகூடத் தெரியாது. ஊசி மாறிப்போனால் விளக்கக் கடிதம் எழுதப் போவது அனுப்பிய அலுவலகம் அல்ல, போட்ட செவிலியர்.

கொங்குத்தமிழன்:

நண்பருக்கு வணக்கம். நானும் உங்களைப் போலவே செவிலியர் பின்னணி இல்லாமல் இதே வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். மேலே எழுதிய இருவருடைய கருத்தோடும் எனக்குப் பெரும்பாலும் உடன்பாடுதான்; ஆனால் இருபது பேர் வேண்டும் என்று விதிமுறையைக் காட்டிக் கேட்டால் எந்தத் தனியார் நிர்வாகமும் மறுநாளே கையெழுத்துப் போடாது. அவர்களுக்குப் புரியும் மொழி செலவுக் கணக்கு. கடந்த மூன்று மாதத்தில் டபுள் டியூட்டிக்குக் கொடுத்த தொகை, ஏஜென்சி ஆட்களுக்குக் கொடுத்தது, எடுக்கப்படாமல் சேர்ந்து கிடக்கும் காம்ப் ஆஃப் நாட்களின் சம்பள மதிப்பு, விலகியவர்களுக்குப் பதிலாக வந்தவர்களைப் பயிற்றுவித்த நாட்களின் சம்பளம் ஆகியவற்றை வார்டு வாரியாக ஒரே தாளில் எழுதி, கூடுதலாக நியமிக்க வேண்டியவர்களின் சம்பளத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். நாங்கள் அப்படித்தான் கேட்டோம். கேட்டதில் பாதி கிடைத்தது.

அந்தப் பாதியை வார்டுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்காமல், வராதவருக்குப் பதிலாகப் போகும் ரிலீவர் குழுவாக அலுவலகத்திலேயே வைத்துக்கொண்டோம். மெடிக்கல் வார்டுகள் ஒரு தொகுதி, சர்ஜிக்கலும் எலும்பு முறிவும் ஒரு தொகுதி, ஐ.சி.யூ.க்கள் ஒரு தொகுதி, பிரசவமும் குழந்தைகளும் ஒரு தொகுதி. ஒவ்வொரு தொகுதிக்கும் உரிய ரிலீவர்கள் அந்த வார்டுகள் எல்லாவற்றிலும் சில நாட்கள் வேலை செய்து பழகிய பிறகுதான் தனியாக அனுப்பப்படுவார்கள். தொகுதியைத் தாண்டி யாரையும் அனுப்புவதில்லை. இது வந்த பிறகு இன்சார்ஜ் சிஸ்டர்களுடன் நடந்த வாக்குவாதம் பெருமளவு குறைந்துவிட்டது, ஏனென்றால் அவர்களுடைய ஆட்களில் நாங்கள் கை வைப்பதே இல்லை. பதிலுக்கு அவர்களும் நோயாளி எண்ணிக்கையை மறைப்பதை விட்டுவிட்டார்கள். மறைத்தார்களா என்று கேட்காதீர்கள், டிஸ்சார்ஜ் ஆன படுக்கையை மாலை வரை கணக்கில் வைத்திருப்பது எல்லா ஊரிலும் உள்ள கலைதான்.

விடுப்புக் கோரிக்கைக்கு ஒரு நோட்டு வைத்து, ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதியோடு மூடிவிடுங்கள். அதற்குள் எழுதியவர்களுக்கு முன்னுரிமை. ஒரு வார்டில் ஒரே நாளுக்கு இத்தனை பேர் என்ற உச்சவரம்பை முன்பே அறிவித்துவிட வேண்டும். ஜனவரியிலேயே பஞ்சாங்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு முகூர்த்த நாட்களை ஆண்டு நாட்காட்டியில் குறித்துவிடுவது என் வழக்கம். தை, வைகாசி, ஆவணி மாதங்களில் கோரிக்கை குவியும், ஆடியில் திருமண விடுப்பு இருக்காது, ஆனால் ஊர்க் கோயில் கொடை இருக்கும். தீபாவளி, பொங்கல், கிறிஸ்துமஸ், ரம்ஜான் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒவ்வொருவரும் தேர்ந்து எழுதிக் கொடுத்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்தது. மதுரை என்பதால் சித்திரைத் திருவிழாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் போக்குவரத்து மாற்றத்தால் காலை டியூட்டிக்கு வர வேண்டியவர்கள் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடுவார்கள். முதல் நாள் இரவே தங்கவைப்பதற்கு ஏற்பாடு செய்துவிடுவது நல்லது.

நோயாளிகள் பக்கமும் இதே நாட்காட்டி வேலை செய்யும். பண்டிகைக்கு முந்தைய வாரம் தள்ளிப்போடக்கூடிய அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவைத்துவிடுவார்கள், வார்டு காலியாக இருக்கும், காம்ப் ஆஃப் பாக்கியைத் தீர்க்க அதுவே ஏற்ற வாரம். வடகிழக்குப் பருவமழை தொடங்கி டெங்கு வந்துவிட்டால் மார்கழி வரை யாருக்கும் நீண்ட விடுப்பு கொடுக்க முடியாது. இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் செவிலியர் நியமனப் பட்டியல் வெளியாகும் மாதத்தில் ஒரே நேரத்தில் பலர் அரசு வேலைக்குப் போய்விடுவார்கள். வளைகுடாவுக்குப் போகிறவர்கள் இரண்டு ஆண்டு அனுபவச் சான்றிதழ் கைக்கு வந்ததும் விலகுவார்கள். யார் எப்போது இரண்டு ஆண்டை முடிக்கிறார்கள் என்பது உங்கள் பணியாளர் பதிவிலேயே இருக்கிறது.

மென்பொருள் வாங்கலாமா என்று அடுத்து நிர்வாகம் உங்களைக் கேட்கும். செவிலியர் பணிப்பட்டியல் தயாரிப்பது கணினித் துறையினரே கடினமான கணக்கு என்று ஒப்புக்கொண்டு, 2010இல் அதற்கென்று பன்னாட்டுப் போட்டியே நடத்திய விஷயம். நல்ல மென்பொருள் நேரத்தை மிச்சப்படுத்தும் என்பதில் ஐயமில்லை. ஆனால் இரவில் இரண்டு ஃப்ரெஷர்களை மட்டும் சேர்த்துப் போடக் கூடாது, மாலைக்கு அடுத்து காலை கூடாது, கர்ப்பிணிகளுக்கு நைட் கிடையாது என்பன போன்ற விதிகளை நீங்கள் எழுதிக் கொடுத்தால்தான் அது பின்பற்றும். விதிகளே எழுதப்படாத அலுவலகத்துக்கு மென்பொருள் வந்தால், பழைய குழப்பம் வண்ணத்தில் அச்சாகி வரும். ஓர் ஆண்டுக்காவது எக்செல்லே போதும்.

வைகைக்கரையான்:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. இரவுப்பணி சகோதரி சொன்னதைப் படித்தவுடன் எங்கள் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். நைட் முடிந்து வெளியேறும் நாளுக்கும் வார விடுமுறைக்கும் ஒரே எழுத்தைத்தான் பயன்படுத்துகிறோம். அடுத்த மாதப் பட்டியலில் இதைப் பிரிக்கச் சொல்லி சூப்பரின்டெண்டன்ட் அம்மாவிடம் பேசியிருக்கிறேன், அவர்கள் மறுக்கவில்லை. ஆனால் பிரித்தவுடனே ஒவ்வொரு வார்டிலும் ஆள் பற்றாக்குறை கூடுதலாகத் தெரியும் என்று எச்சரித்தார்கள்.

ஓர் ஐயம் மட்டும் மீதமிருக்கிறது. சிலர் மாதந்தோறும் தவறாமல் கடைசி நேரத்தில் உடல்நலக் குறைவு என்று சொல்கிறார்கள். அவர்களிடம் மருத்துவச் சான்றிதழ் கட்டாயம் என்று சுற்றறிக்கை விடுமாறு மனிதவளப் பிரிவு வற்புறுத்துகிறது. விடலாமா?

ஓய்வுபெற்ற மேட்ரன்:

பற்றாக்குறை கூடுதலாகத் தெரியட்டும் தம்பி, இப்போது அது செவிலியர்களின் தூக்கத்தில் மறைந்திருக்கிறது. கொங்குத்தமிழன் சொன்ன செலவுத் தாளோடு அந்தப் பட்டியலையும் சேர்த்து வையுங்கள்.

சுற்றறிக்கை இப்போதைக்கு வேண்டாம். ஒரு நாள் காய்ச்சலுக்குச் சான்றிதழ் கேட்டால், சான்றிதழ் வாங்கப் போகிறவர் மூன்று நாளுக்குச் சேர்த்தே வாங்கி வருவார், உங்களுக்கு இன்னும் இரண்டு நாள் ஆள் இருக்காது. முதலில் மூன்று மாதத்து அழைப்புகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்தப் பெண் அதற்கு முந்தைய இரண்டு நாட்களில் என்ன டியூட்டி பார்த்தார் என்று எழுதுங்கள். அழைப்புகளில் பெரும்பகுதி மாலைக்கு அடுத்த காலையிலும், நைட் முடித்த மறுநாளிலும் விழுந்திருந்தால், திருத்த வேண்டியது பட்டியல். அப்படி எந்த ஒழுங்கும் இல்லாமல் ஒருவர் பெயர் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால், அவரைத் தனியே அழைத்துச் சூப்பரின்டெண்டன்ட் பேசட்டும், நீங்கள் பேச வேண்டாம். அந்தப் பேச்சில் பெரும்பாலும் வெளிவருவது குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை என்பதுதான். ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்ற விதியும் நான் முன்பு சொன்ன அதே 2017 திருத்தத்தில் வந்ததுதான். உங்கள் மருத்துவமனையில் அது இருக்கிறதா, இருந்தால் காலை ஏழு மணிக்கே திறக்கிறார்களா என்பதையும் விசாரித்து எழுதுங்கள்.